மறைந்த எழுத்தாளர்களும் நாமும்: எங்கள் கோத்தகிரி ஞாயிற்றுக் கூட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் ஒரு டீக்கடை மாடியில் ஞாயிறு மதியம் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். எல்லாருமே கொஞ்சமாவது எழுதுகிறவர்கள். மாதத்துக்கு ஒரு மறைந்த எழுத்தாளர் என்று வைத்துக்கொண்டு, அவருடைய கதை ஒன்றை உரக்கப் படிப்போம். அவர் எப்படி வாழ்ந்தார் என்று ஒருவர் சொல்வார். வழியில் காட்டுமாடு நின்றுவிட்டால் கூட்டம் அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கும்.

புதிதாக வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். போன மழையில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது பதில்களை எழுதிவைத்தேன். நான் பச்சை இலை வாங்கும் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவள், இலக்கியத்தில் பட்டம் வாங்கியவள் இல்லை. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, இப்ப எழுதறவங்களையே படிச்சு முடியல. செத்துப்போனவங்களை எதுக்குப் படிக்கணும்?

இப்போது எழுதுகிறவர்களையும் படியுங்கள். மறைந்தவர்களிடம் ஒரு வசதி உண்டு. கணக்கு முடித்த பேரேடு மாதிரி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நம் முன்னால் இருக்கிறார்கள். எந்த வயதில் தொடங்கினார், எங்கே சறுக்கினார், எத்தனை வருடம் பேனாவைத் தொடவில்லை என்று புரட்டிப் பார்க்கலாம். கி. ராஜநாராயணனின் (கி.ரா.) கதைகள் அச்சில் வரத் தொடங்கியது 1950களின் கடைசியில். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டி. 2021 மே மாதம் மறைந்தார். இருபத்தெட்டு வயதில் வந்து "எனக்கு நேரம் போயிடுச்சுக்கா" என்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

இன்னொன்று, உயிரோடு இருப்பவரைப் பற்றிப் பேசும்போது அவர் காதுக்குப் போகுமோ என்று ஒரு கூச்சம் வந்துவிடும். மறைந்தவரின் கதை சரியில்லை என்றால் சரியில்லை என்றே சொல்லலாம். சிறுகதை எழுத்தாளர் மௌனியைப் பற்றி எங்கள் மாடியில் தொடங்கிய சண்டை இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

யார்கிட்ட இருந்து ஆரம்பிக்கறது? ஒரே ஒரு பேரு சொல்லுங்க.

அசோகமித்திரன். 1931இல் செகந்திராபாத்தில் பிறந்தவர், 2017இல் மறைந்தார். 'தண்ணீர்' என்ற மெலிந்த நாவலை எடுங்கள். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், ஜமுனா என்ற பெண், தெரு முழுக்கக் குடங்கள். கோடையில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடியவர்களுக்கு அதில் புரியாத வரி ஒன்றும் இருக்காது. அவர் குரலை உயர்த்தவே மாட்டார். ஏன் இவர் எதையும் விளக்கிச் சொல்லாமல் போகிறார் என்று முதல் தடவை எரிச்சல்கூட வரும். இரண்டாவது தடவை படித்துவிட்டு வந்து பேசுங்கள்.

பிடிக்கவில்லை என்றால் கி.ரா. அதுவும் ஒட்டவில்லை என்றால் கு. அழகிரிசாமி. இரண்டு பேருக்கும் ஊர் இடைசெவல். கரிசல் காட்டின் ஒரே கிராமத்தில் ஒரே காலத்தில் இரண்டு பேர்! மௌனியிடம் மட்டும் தொடங்காதீர்கள்.

எல்லாரும் தஞ்சாவூர், திருநெல்வேலி, கரிசல்காடுன்னே இருக்காங்களே. நம்ம மலைக்கு யாருமே இல்லையா?

இருக்கிறார்கள். நீலகிரியிலிருந்தே தொடங்கினால் ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்'. படகர் ஹட்டி (ஊர்) ஒன்றில் தொடங்கி, தானியம் விளைந்த நிலம் தேயிலையாக மாறுவதுவரை போகும் நாவல். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியை வைத்துக் காலத்தை அளக்கிறார். 2018இல் பூத்தபோது மலைச்சரிவில் செல்ஃபி எடுக்க நின்ற கூட்டத்தைப் பார்த்து, அந்த நாவலைப் படித்தவர் இதில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டேன். தோட்டத் தொழிலாளரைப் பற்றி டி. செல்வராஜ் 'தேநீர்' எழுதினார். 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய அதே செல்வராஜ்தான்.

எங்களைப் போல 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இன்னொரு வரிசை இருக்கிறது. சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) 1947இல் தலவாக்கலையிலிருந்து இலங்கை நாடாளுமன்றத்துக்குப் போனவர். கவிதை எழுதினார், நாவல் எழுதினார், தோட்டத்தில் பாடிய பாட்டுகளைத் தேடிச் சேர்த்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று தொகுத்தார். என்.எஸ்.எம். இராமையா எழுதியது 'ஒரு கூடைக் கொழுந்து'. 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப்பின் சிறுகதைகளையும் இதோடு சேர்த்துப் படியுங்கள்.

என் பாட்டி ஹட்டன் பக்கத்தில் கொழுந்து பறித்தவள். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இங்கே வந்தாள். இங்கே எல்லாரும் 'இலை' என்கிறார்கள், அவள் கடைசிவரை 'கொழுந்து' என்றுதான் சொன்னாள். அவளுக்கு எழுத்துக் கூட்ட வராது. ஒருநாள் இராமையாவின் கதையைப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பிடிக்கவில்லை போல என்று புத்தகத்தை மூடினேன். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, "இதுல கொழுந்து நிறுக்குற கணக்கப்புள்ள பேரு என்னான்னு போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

அவங்க கதையே போதாதா? வாழ்க்கை வேற தெரிஞ்சுக்கணுமா?

வாசகருக்குக் கதை போதும். எழுதப்போகிறவருக்கு வாழ்க்கையும் உதவும். ஆனால் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறோம் என்பதில்தான் தகராறு. எங்கள் கூட்டத்தில் வாழ்க்கையைச் சொல்ல எழுந்தவர்கள் ஆரம்பத்தில் சாவைத்தான் சொன்னார்கள். இவருக்குக் காசநோய், இவர் ஆற்றில் போனார், இவர் கடனில் போனார். கேட்டுவிட்டு எல்லாரும் உச்சுக் கொட்டுவோம். வீட்டுக்குப் போய் யாரும் ஒரு வரி எழுதமாட்டோம்.

அதனால் இப்போது ஒரு விதி: எழுத்தாளரின் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைச் சொல்ல வேண்டும். காலையில் எங்கே வேலைக்குப் போனார், என்ன சம்பாத்தியம், எப்போது எழுதினார், யாருக்கு முதலில் காட்டினார். அசோகமித்திரனை எடுத்துக்கொண்டால், ஜெமினி ஸ்டூடியோவில் அவர் பார்த்த வேலைகளில் ஒன்று செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்பில் ஒட்டிவைப்பது. நாள் முழுக்கப் பேப்பர் கிழிக்கிறவனுக்கு வேலையே இல்லை என்று நினைத்து, யார் வேண்டுமானாலும் அறைக்குள் வந்து பேசிக்கொண்டிருப்பார்களாம். அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அங்கே கேட்ட பேச்சும் பார்த்த முகங்களும் எங்கே போயின என்று தெரிய 'கரைந்த நிழல்கள்' படியுங்கள். இந்த விதி வந்த பிறகு எங்கள் கூட்டத்தில் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

கஷ்டப்பட்டாதான் நல்ல எழுத்து வருமா? புதுமைப்பித்தன் அப்படித்தானே?

புதுமைப்பித்தன் 1948இல், 42 வயதில், காசநோயில் இறந்தார். பத்திரிகை வேலை நிலைக்கவில்லை, சினிமாவும் கைகொடுக்கவில்லை. மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் புத்தகமாக இருக்கின்றன. பணம் அனுப்புவது, அனுப்ப முடியாமல் போவது, உடம்பு என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அந்தக் கடிதங்களைப் படித்த யாருக்கும் அது அழகாகத் தோன்றாது. அவர் எழுதியது வறுமையால் இல்லை, வறுமைக்கு நடுவிலும் எழுதினார். சுமார் பதினைந்து வருடத்துக்குள் நூறு கதை அளவுக்கு! இன்னும் இருபது வருடம் இருந்திருந்தால் என்று யோசிக்கும்போது எனக்கு வயிறு எரியும்.

மறுபக்கம் பாருங்கள். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். தோப்பில் முகமது மீரான் மிளகாய் வத்தல் வியாபாரி. தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்து வானொலிக்குப் போனவர். சுஜாதா பெங்களூரில் பொறியாளர். இவர்கள் செவ்வாய்க்கிழமைகளில் கடைக்கும் ஆபீசுக்கும் போனார்கள்.

அப்ப வேலையை விட்டுட்டு முழுநேரமா எழுதலாம்னு இருக்கேனே, வேண்டாமா?

மேலே உள்ள பட்டியலை இன்னொருமுறை படிக்கவும். பிறகு கையிருப்பில் எத்தனை மாத அரிசி இருக்கிறது என்று பார்க்கவும்.

நான் எட்டாவதுதான். இலக்கணம் தெரியாது. எழுதலாமா?

ஜெயகாந்தன் பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாம் வகுப்புவரை. கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்து, அச்சகத்தில் வேலை பார்த்து, 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீடம்வரை போனார். கி.ரா. பள்ளிக்கூடத்துக்கு மழைக்கு ஒதுங்கியதாகவும், அங்கேயும் மழையையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டதாகவும் சொல்வார். அவரைத்தான் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராகக் கூப்பிட்டது.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இவர்கள் படிக்காதவர்கள் இல்லை, பள்ளிக்கூடத்தில் படிக்காதவர்கள். வெளியே படித்தது ஏராளம். "ஜெயகாந்தனே அஞ்சாவதுதான்" என்று சொல்லிக்கொண்டு புத்தகத்தைத் தொடாமல் இருந்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். ஒற்றுப்பிழை பற்றிக் கவலைப்படாதீர்கள், நான் திருத்தித் தருகிறேன். எனக்கும் பாதி தெரியாது.

வீட்டு வேலை முடியவே ராத்திரி பத்தாயிடுது. பொம்பளைங்க யாராவது இப்படி எழுதியிருக்காங்களா?

வை.மு. கோதைநாயகி (1901–1960) குழந்தை வயதில் கல்யாணம் ஆனவர். ஆரம்பத்தில் அவருக்குத் தமிழ் எழுத வராது; அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருத்தி எழுதினாள். அப்படித் தொடங்கியவர் 115 நாவல் எழுதி, 'ஜகன்மோகினி' என்று பத்திரிகையும் நடத்தினார். ராஜம் கிருஷ்ணனுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம். கூட்டுக்குடும்பத்து வேலைக்கு நடுவில் படித்து எழுதியவர்.

கோதைநாயகியின் வழி உங்களுக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன். எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் பாத்திரம் கழுவும்போது கதையை போனில் சொல்லிப் பதிவு செய்கிறாள். ஞாயிறன்று நாங்கள் கேட்கிறோம், யாராவது எழுதித் தருகிறார்கள். பின்னணியில் குக்கர் விசில் கேட்கும். ஒருமுறை விசில் வந்த இடத்தில் அவள் நிறுத்திய நிறுத்தம் கதைக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. அங்கே பத்தி பிரித்துவிட்டோம்.

குடிச்சாதான் எழுத்து வரும்னு சொல்றாங்களே? ஜி. நாகராஜன்?

ஜி. நாகராஜன் கணக்குப் பாடம் நன்றாக நடத்தத் தெரிந்தவர். 'குறத்தி முடுக்கு', 'நாளை மற்றுமொரு நாளே', கொஞ்சம் சிறுகதைகள். 1981இல் ஐம்பத்திரண்டு வயதுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் புத்தகங்களை அலமாரியில் அடுக்கினால் ஒரு சாண் வராது. குடி அவருக்குக் கொடுத்ததையும் எடுத்துக்கொண்டதையும் அந்த ஒரு சாணை வைத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள். இந்த மலையில் குடியால் போன குடும்பங்களை எண்ண நூலகத்துக்குப் போக வேண்டியதில்லை.

நான் எழுதினா கி.ரா. மாதிரியே வருது. இது காப்பியா?

தொடக்கத்தில் எல்லாருக்கும் வரும். நான் இரண்டு வருடம் என் கதையில் எல்லாரையும் கரிசல்காட்டுப் பேச்சு பேசவைத்தேன். கம்பும் சோளமும் விளைந்தது, வெயில் கொளுத்தியது. ஒரு கதையைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். "யாரு வூட்டுக் கதை இது?" என்றாள். நம்ம வீட்டுக் கதைதான் பாட்டி, அந்தக் கிழவி நீதான் என்றேன். "நான் எப்ப இப்புடிப் பேசுனேன்?" என்று கேட்டுவிட்டு வெற்றிலைப் பையைத் திறந்தாள்.

கி.ரா.விடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் சொற்களை இல்லை, சொல் சேர்த்த பழக்கத்தை என்று அன்றைக்குப் பிறகுதான் உறைத்தது. அவர் கரிசல் வட்டார வழக்குக்கு ஒரு அகராதியே தொகுத்தவர். நானும் ஒரு நோட்டு போட்டேன். பெரட்டுக்களம், கங்காணி, லயம், துரை, கவ்வாத்து, பேர் போடுவது என்று பாட்டி வாயிலிருந்து விழுந்ததையெல்லாம் எழுதினேன். பிடித்த ஆசிரியரின் ஒரு பக்கத்தைக் கையால் அப்படியே எழுதிப் பார்ப்பதும் நல்லதுதான். எங்கே நிறுத்துகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பது கைக்குத் தெரியும். எழுதிய தாளை யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

அந்த மாதிரி நம்ம பேச்சுல எழுதினா வெளியூர்க்காரங்களுக்குப் புரியுமா?

கொஞ்சம் தடுக்கும், பிறகு பழகிவிடும். நமக்கும் கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' அப்படித்தானே பழகியது? ஆனால் அச்சுக்கு அனுப்பும்போது உஷாராக இருங்கள். நான் ஒரு பத்திரிகைக்கு அனுப்பிய கதையில், "விடியாலத்துல பெரட்டுக்குப் போனா" என்று ஒரு வரி. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம் அது. அங்கே திருத்துகிறவர் எழுத்துப்பிழை என்று நினைத்து மாற்றிவிட்டார். அச்சில் என் பாட்டி விடிகாலையில் பரோட்டாவுக்குப் போனாள்.

ராஜம் கிருஷ்ணன் படகர் இல்லையே. எங்க ஹட்டியைப் பத்தி அவங்க எழுதினது எப்படிச் சரியாகும்?

இதைக் கேட்டது ஒரு படகர் பையன், சரியான கோபத்தோடு கேட்டான். ராஜம் கிருஷ்ணன் முசிறியில் பிறந்தவர், வெளியாள்தான். அவர் செய்தது என்னவென்றால், எதைப் பற்றி எழுதினாரோ அங்கே போய்த் தங்கினார், கேட்டார், குறித்துக்கொண்டார். தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய் 'கரிப்பு மணிகள்', மீனவர்களிடம் போய் 'அலைவாய்க் கரையில்', சிவகாசித் தீப்பெட்டிக் குழந்தைகளைப் பற்றிக் 'கூட்டுக்குஞ்சுகள்'. நீலகிரியில் வசித்த காலம் 'குறிஞ்சித்தேன்' ஆனது. அந்த உழைப்பு மதிக்க வேண்டியது.

அதனால் நாவலில் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' தோட்டத்துக்குப் போன மருதியின் கதை. அதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சை அடைக்கிற இடமும் உண்டு, சாதியைப் பற்றிய சில வரிகளில் பல்லைக் கடிக்கிற இடமும் உண்டு. இரண்டையும் கூட்டத்தில் உரக்கச் சொல்கிறோம். அந்தப் பையனிடம் நான் சொன்னது, தப்பான இடங்களைப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வா என்பதுதான். மூன்று வாரம் கழித்து வந்தான். சாவு வீட்டுச் சடங்கு வரும் இடத்தில் அடைசலாகக் கோடு, ஓரத்தில் அவன் அம்மா சொல்லி எழுதிய குறிப்புகள். அந்தக் குறிப்புகளே இப்போது ஒரு கதையாக வளர்ந்துகொண்டிருக்கிறது.

புத்தகமெல்லாம் எங்க கிடைக்கும்? பிடிஎஃப் அனுப்பலாமா?

முதலில் நூலகத்தில் உறுப்பினர் ஆகுங்கள். புதுமைப்பித்தன், ராஜம் கிருஷ்ணன் போன்றோரின் படைப்புகளைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. ராஜம் கிருஷ்ணன் விஷயத்தில் அவர் உயிரோடு இருந்தபோதே செய்தார்கள். இப்படிப்பட்ட நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் மதுரைத் திட்டத்திலும் காசில்லாமல் படிக்கலாம். இலங்கை மலையகப் புத்தகங்களுக்கு 'நூலகம்' என்ற இணைய நூலகம் இருக்கிறது, நான் பாட்டிக்குப் படித்ததெல்லாம் அதிலிருந்துதான்.

மற்றவர்களுக்கு, ஆசிரியர் இறந்து 60 வருடம் பதிப்புரிமை உண்டு. கி.ரா. 2021இல் மறைந்தார் என்றால் 2081 முடியும்வரை. வாட்ஸாப்பில் சுற்றும் கோப்புகளை எங்கள் குழுவில் போடாதீர்கள். வாங்க முடியாதவர்களுக்கு மாடியில் ஒரு தகரப்பெட்டி நிறையப் புத்தகம் இருக்கிறது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், எடுத்துப்போகிறவர்கள் வெயிலில் காயவைத்துத் திருப்பித் தரவும்.

அவங்க ஊருக்கெல்லாம் போய்ப் பார்த்தா எழுத்து வருமா?

வராது, போய்வர நன்றாக இருக்கும். நான் கொடைக்கானல் போகும் வழியில் வத்தலக்குண்டில் வேண்டுமென்றே இறங்கினேன். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிவிட்டு 1898இல் 26 வயதில் இறந்த ராஜம் அய்யர் அந்த ஊர். 'மணிக்கொடி' பத்திரிகை பி.எஸ். ராமையா அந்த ஊர். சி.சு. செல்லப்பாவுக்கும் அதுதான் ஊர். பஸ் ஸ்டாண்டில் சுற்றிப் பார்த்தேன். வெற்றிலைக் கூடை, வாழைத்தார், கொடைக்கானல் பஸ்ஸுக்கு முண்டியடிக்கும் கூட்டம்.

டீ குடித்துக்கொண்டு செல்லப்பாவை நினைத்துக்கொண்டேன். 1959இல் 'எழுத்து' தொடங்கி 119 இதழ் கொண்டுவந்தவர். புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். 1998இல் மறைந்தார்; 'சுதந்திர தாகம்' நாவலுக்கு விருது வந்தது 2001இல். என் கையில் இருந்தது ஒரு துணிப்பை, அதில் இரண்டு புத்தகம், அதற்கே தோள் வலித்தது.

இவ்வளவு பேசறீங்களே, நீங்க ஏன்க்கா இன்னும் ஒரு புத்தகமும் போடல?

பதினொரு கதை இருக்கிறது. பன்னிரண்டாவது நிற்கிறது. அது கொழுந்து நிறுக்கிற ஒரு கணக்கப்பிள்ளையைப் பற்றியது. பாட்டி அன்றைக்கு ஏன் அந்தப் பேரைக் கேட்டாள் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. பிறகு கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினாள். போன வருடத்துக்கு முந்தின வருடம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தொழிற்சாலையில் மழைநாளில் ஈரத்துக்கென்று எடையில் கழித்து எழுதுகிறவள் நான்தான். கழித்த கிலோவைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் சீட்டை மடித்துக்கொண்டு போகும் பெண்களின் முகத்தைத் தினமும் பார்க்கிறேன். கதை அந்த மேஜைவரை வந்திருக்கிறது. அவனுக்கு மூன்று பேர் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. இப்போதைக்கு நோட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.